பாலிசியை சரண்டர் பண்ணிடலாமான்னு கேக்குறவங்களுக்கு

எங்க வேலூர் பக்கம் சரண்டர்ங்கிற வார்த்தை தெரியாத ஆளே கிடையாது. கேஸ்ல மாட்டுனவன் வக்கீலோட போய் கோர்ட்ல சரண்டர் ஆவான், வாத்தியாருங்க லீவை சரண்டர் பண்ணி காசு வாங்குவாங்க (2020ல கொரோனா வந்தப்போ அதை நிறுத்தி வச்சிட்டு 2025 அக்டோபர்ல இருந்து தான் மறுபடியும் குடுக்குறாங்க, எங்க தெரு டீச்சரம்மா அந்த அறிவிப்பு வந்த அன்னிக்கு தெருவுக்கே கேசரி குடுத்தாங்க), வீடு மாத்துறவங்க கேஸ் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணுவாங்க. ஆனா இதே வார்த்தை இன்சூரன்ஸ் பாலிசி பக்கம் வந்தா மட்டும் ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. ஒருத்தர் லேப்ஸ் ஆனதை சரண்டர்ன்றாரு, இன்னொருத்தர் பாலிசி காலம் முடிஞ்சு மெச்சூரிட்டி காசு வாங்குறதையும் சரண்டர்னு தான் சொல்றாரு, மூணாவது ஆளு "கட்டாம உட்டுட்டா தானா சரண்டர் ஆயிடும்"னு உறுதியா நம்பிட்டு இருக்காரு.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு லெதர் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். சம்பளக் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ இதெல்லாம் தான் என் வேலை, இன்சூரன்ஸ் ஏஜெண்டெல்லாம் கிடையாது. ஆனா லன்ச் டைம்ல சாப்பாட்டு கேரியரோட சேத்து பாலிசி பாண்டையும் கொண்டாந்து "அக்கா இத கொஞ்சம் பாருங்களேன்"னு நிக்கிறவங்க நிறைய பேரு, அதுவும் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல 50 சதவீத வரிய போட்டதுக்கு அப்புறம் எங்க பக்கம் ஓவர்டைம் குறைஞ்சு போச்சு, கைக்கு வர்ற காசு குறைஞ்சா மொதல்ல கண்ணுல படுறது வருஷா வருஷம் கட்டுற ப்ரீமியம் தான. அதனால தான் இந்த போஸ்ட்.

மொதல்ல இந்த லேப்ஸ், சரண்டர் குழப்பத்தை தீத்துடலாம். ப்ரீமியம் கட்ட வேண்டிய தேதிக்கு மேல ஒரு கிரேஸ் டைம் குடுப்பாங்க, மாசா மாசம் கட்டுறவங்களுக்கு 15 நாள், மத்தவங்களுக்கு 30 நாள். அதுக்குள்ளயும் கட்டலன்னா பாலிசி லேப்ஸ். அது தானா நடக்குறது, நீங்க ஒன்னும் பண்ண வேணாம். சரண்டர் அப்படி இல்ல, நீங்களே போய் பாண்டை குடுத்து கையெழுத்து போட்டு "எனக்கு இது வேணாம், இதுவரைக்கும் சேந்ததுல எனக்கு வர வேண்டியதை குடுங்க"னு கேட்டு வாங்குறது. பணம் கைக்கு வந்துச்சுன்னா அந்த பாலிசி செத்துது, அதுக்கப்புறம் மனசு மாறி "திரும்ப கட்டுறேன் சார்"னு போனா கவுண்டர்ல சிரிப்பாங்க. லேப்ஸ் ஆனதை எழுப்பலாம், சாதாரண பாலிசின்னா கட்டாம உட்ட தேதில இருந்து 5 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, பாக்கி ப்ரீமியமும் வட்டியும் கட்டி, கேட்டா ஒரு மெடிக்கல் செக்கப்பும் பண்ணா உயிர் வந்துடும். சரண்டர் ஆனதுக்கு உயிரே கிடையாது.

ரெண்டுக்கும் நடுவுல இன்னொன்னு இருக்கு, அதைத்தான் யாருமே சொல்ல மாட்டேன்றாங்க. பெய்ட்-அப். சில வருஷம் கட்டிட்டு அதுக்கு மேல கட்ட முடியலன்னா, கட்டுன வரைக்கும் எவ்ளோவோ அந்த அளவுக்கு பாலிசிய சின்னதாக்கி அப்படியே வச்சுக்குவாங்க. 20 வருஷ பாலிசில 5 வருஷம் கட்டியிருந்தீங்கன்னா 5 லட்சம் கவர்ல (ஆளுக்கு ஏதாவது ஆனா குடுக்குறதா சொன்ன தொகை) கால் பங்கு, 1,25,000, அதோட அதுவரைக்கும் சேந்த போனஸ் (கம்பெனி லாபத்துல வருஷா வருஷம் சேக்குற பங்கு). புதுசா போனஸ் சேராது, ஆனா மெச்சூரிட்டி தேதி வரைக்கும் அது அங்கயே இருக்கும், நடுவுல ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு அந்த சின்ன தொகை போகும். ஒரு பைசா கட்ட வேணாம். சரண்டர் வேணும்னு என் டேபிளுக்கு வர்றவங்கள்ல பாதி பேருக்கு உண்மையில தேவை இது தான், அவங்களுக்கு காசு வேணும்னு இல்ல, கட்டுறத நிறுத்தணும், அவ்ளோ தான்.

இப்ப எங்க சின்னம்மா கதைக்கு வரேன். அவங்க பேர்ணாம்பட்டு பக்கம், ஷூ கம்பெனில அப்பர் தைக்கிற வேலை. பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும், கைல காசு இல்ல. அந்த நேரம் பாத்து தெரிஞ்ச ஏஜெண்ட் ஒருத்தர் வந்து "பழைய பாலிசிய சரண்டர் பண்ணிடுங்கம்மா, வர்ற காசுல ஃபீஸ் போக மிச்சத்தை வச்சு புதுசா ஒன்னு போட்டுக்கலாம், இது இன்னும் நல்லா வரும்"னு சொல்லிட்டு போயிருக்காரு. சின்னம்மா ஜவுளிக்கடை பைல பாண்டு, ரசீது, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாத்தையும் ஒன்னா போட்டு எங்க வீட்டுக்கு எடுத்தாந்துட்டாங்க. சரண்டர் கொட்டேஷன்னு ஒரு தாள், அதை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இன்னாமே இது, நான் கட்னதே ஒன்னேகால் லட்சத்துக்கு கிட்ட வருது, இவுங்க எழுவத்தஞ்சுன்றாங்கோ, மீதி துட்டு எங்கமே போச்சு?"

நியாயமான கேள்வி தான். கணக்கு இது. வருஷத்துக்கு 24,500, அஞ்சு வருஷம் கட்டுனது 1,22,500. 5 லட்சம் கவர், 20 வருஷ பாலிசி. பாலிசிய நடுவுல நிறுத்துனா இதுக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, கேரண்டீட் சரண்டர் வேல்யூனு பேரு. ரெண்டாவது வருஷத்துல சரண்டர் பண்ணா கட்டுன மொத்த ப்ரீமியத்துல 30 சதவீதம், மூணாவது வருஷம் 35, நாலுல இருந்து ஏழு வரைக்கும் 50, கடைசி ரெண்டு வருஷத்துல 90. அப்போ சின்னம்மாவுக்கு பாதி, 61,250. அது போக சேந்த போனஸ்ல ஒரு பங்கு. போனஸை முழுசா குடுக்க மாட்டாங்க, ஏன்னா அந்த போனஸ் 15 வருஷம் கழிச்சு குடுக்குறதா சொன்னது, இன்னைக்கே கேட்டா இன்னைக்கு மதிப்புக்கு தான் குடுப்பாங்க. இதே மாதிரி ஸ்பெஷல் சரண்டர் வேல்யூனு இன்னொரு கணக்கும் உண்டு, ரெண்டுல எது அதிகமோ அது கைக்கு வரும். சின்னம்மாவுக்கு எல்லாம் சேத்து 75,000 சொச்சம் வந்துச்சு.

மீதி எங்க போச்சுன்னா, அஞ்சு வருஷம் உயிருக்கு கவர் குடுத்தாங்களே அதுக்கு கொஞ்சம், ஆஃபீஸ் செலவுக்கு கொஞ்சம், ஏஜெண்ட் கமிஷனுக்கு நிறைய. மொத வருஷ ப்ரீமியத்துல போற கமிஷன் பின்னாடி வர்ற வருஷங்களை விட ரொம்ப ஜாஸ்தி, பாலிசியோட செலவெல்லாம் முன்னாடியே கழிஞ்சிடும். அதனால தான் சீக்கிரம் வெளிய வர்றவங்களுக்கு அடி பலமா விழுது.

இதுல சின்னம்மா கேக்காத ஒரு கேள்வி இருக்கு, அதைத்தான் நான் கேட்டேன். கட்டுனது போச்சு, அதை உடுங்க, இனிமே கட்டப் போறதுக்கு என்ன வரும்? ஆயிரத்துக்கு 45 ரூபா போனஸ்னு வச்சுக்குவோம் (போனஸ் வருஷா வருஷம் அறிவிக்கிறது, கூடலாம் குறையலாம், கேரண்டி கிடையாது). 5 லட்சத்துக்கு வருஷம் 22,500. இருபது வருஷத்துக்கு நாலரை லட்சம், கவர் தொகை அஞ்சு லட்சம், மொத்தம் ஒன்பதரை லட்சம் கைக்கு வரும். மொத நாள்ல இருந்து இருபது வருஷமும் கட்டுறவங்களுக்கு இதுல விழுறது வருஷத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம், போஸ்டாபீஸ்லயே இதை விட நல்லா கிடைக்கும், அதனால முதலீட்டுக்குன்னு இந்த மாதிரி பாலிசி போடாதீங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். ஆனா அஞ்சு வருஷம் ஏற்கனவே கட்டி முடிச்சவங்களுக்கு கணக்கே வேற. இன்னைக்கு 75,000 வாங்கிட்டு போறதா, இல்ல அதை உட்டுட்டு இன்னும் 15 தடவை 24,500 கட்டி ஒன்பதரை லட்சம் வாங்குறதா? எக்ஸெல்ல போட்டு பாத்தா வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு கிட்ட வருது. செலவெல்லாம் ஏற்கனவே கழிஞ்சு போச்சுல்ல, அதான்.

எனக்கே அந்த நம்பரை பாத்ததும் ஆச்சரியமா தான் இருந்துச்சு. ஏன்னா யூட்யூப்ல பாக்குறதெல்லாம் "எண்டோமெண்ட் பாலிசியா, உடனே சரண்டர் பண்ணு, மியூச்சுவல் ஃபண்டுல போடு"ன்ற ஒரே பாட்டு தான் (எண்டோமெண்ட்னா சின்னம்மாவோடது மாதிரி, கவரும் சேமிப்பும் சேந்த பாலிசி). புதுசா சேரப் போறவங்களுக்கு அது சரி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கட்டுனவங்களுக்கும் பெரும்பாலும் சரி. அஞ்சாறு வருஷம் தாண்டுன ஆளுக்கு கணக்கு போடாம அப்படி சொல்றது அநியாயம். பத்து பன்னெண்டு வருஷம் கட்டிட்டு வந்து சரண்டர்னு நிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவமே வந்துடும், பாதி மலை ஏறி முடிச்சிட்டு இன்னாத்துக்கு இறங்குறீங்க.

சரி, ஆனா சின்னம்மாவுக்கு ஃபீஸ் கட்ட காசு இப்ப வேணுமே, எட்டு சதவீதம்னு சொன்னா காலேஜ்காரன் ஒத்துக்குவானா. அதுக்கு தான் பாலிசி லோன். சரண்டர் வேல்யூல 90 சதவீதம் வரைக்கும் குடுப்பாங்க, அவங்க கணக்குக்கு 67,500 வரைக்கும் வாங்கலாம், ஆனா ஃபீஸ்க்கு தேவை 50,000 தான், அவ்ளோ மட்டும் வாங்குங்கன்னு சொன்னேன். சம்பளச் சீட்டு கேக்க மாட்டாங்க, ஜாமீன் கேக்க மாட்டாங்க, சிபில் ஸ்கோர் பாக்க மாட்டாங்க, பாலிசிய கம்பெனி பேருக்கு எழுதிக் குடுக்கணும், அவ்ளோ தான். வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா கூட அசலை மெதுவா குடுக்கலாம். எங்க ஊர்ப் பக்கம் நகையை அடகு வைக்கிறவங்க, மீட்டர் வட்டிக்கு வாங்குறவங்க, வாரக் குழுல வாங்குறவங்க எல்லாம் இருக்காங்க, வீட்டு அலமாரில பாலிசி பாண்டு தூங்கிட்டு இருக்கும், அது மேல லோன் வாங்கலாம்னே தெரியாது.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு, சொல்லிடுறேன். லோனையும் வாங்கிட்டு, ப்ரீமியமும் கட்டாம, வட்டியும் கட்டாம உட்டீங்கன்னா வட்டிக்கு வட்டி ஏறி ஏறி ஒரு நாள் கடன் தொகை சரண்டர் வேல்யூவ தொட்டுடும், அன்னிக்கு கம்பெனியே பாலிசிய மூடி கணக்கு தீத்துக்கும். அதுவும் ஒரு வகை சரண்டர் தான், உங்க கையெழுத்து இல்லாமலே.

அந்த ஏஜெண்ட் விஷயத்துக்கு வரேன். "இதை சரண்டர் பண்ணிட்டு புதுசு போடுங்க"னு எவர் சொன்னாலும், அவர் உங்க மாமாவா இருந்தாலும் சரி மச்சானா இருந்தாலும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதனால உங்களுக்கு எவ்ளோ வரும்? பழைய பாலிசில அவருக்கு வர்றது கொஞ்சம், புதுசுல மொத வருஷ கமிஷன். உங்களுக்கு வயசு ஏறிடுச்சு, அதே கவருக்கு ப்ரீமியம் ஜாஸ்தி. நடுவுல சுகர் பிரஷர் வந்திருந்தா இன்னும் ஜாஸ்தி, இல்லன்னா கிடைக்கவே கிடைக்காது. இன்னொன்னு யாரும் யோசிக்கிறதில்ல, பாலிசி போட்டு 3 வருஷம் தாண்டிட்டா "நீங்க அன்னிக்கு நோயை மறைச்சீங்க"னு சொல்லி கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது, இன்சூரன்ஸ் சட்டத்துல 45வது பிரிவு அதான் சொல்லுது. பழைய பாலிசி அந்த மூணு வருஷத்தை தாண்டி நிக்கிது. புதுசு எடுத்தா மறுபடியும் ஒன்னுல இருந்து எண்ணணும். நல்லா தெரிஞ்ச ஏஜெண்டுங்க, மனசாட்சி உள்ளவங்க, கட்ட முடியலன்னா வீட்டுக்கு வந்து பெய்ட்-அப் பண்ணிக் குடுக்குறவங்களும் இருக்காங்க, அவங்களையும் இதுல சேத்து திட்டுறேன்னு நினைக்காதீங்க.

அப்போ எப்ப தான் சரண்டர் பண்றதுன்னு கேட்டா, பண்ற நேரம் இருக்கு. புதுசா போட்டு ஒரு வருஷம் தான் கட்டியிருக்கீங்க, சொன்னது ஒன்னு பாண்டுல இருக்கறது ஒன்னுன்னு இப்ப தான் தெரியுது, இன்னும் பத்தொன்பது வருஷம் கட்ட மனசு இல்ல. முன்னாடியெல்லாம் இந்த ஆளுக்கு ஒன்னும் கிடைக்காது, ரெண்டு வருஷமாவது முழுசா கட்டியிருந்தா தான் சரண்டர்னு பேச்சே எடுக்கலாம், அதுக்கும் முன்னாடி பெரும்பாலான பாலிசிக்கு மூணு வருஷம். 2024 அக்டோபர் 1ல இருந்து ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளை கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) அதை மாத்திடுச்சு, மொத வருஷ ப்ரீமியத்தை முழுசா கட்டி அந்த ஒரு வருஷமும் முடிஞ்சா ஸ்பெஷல் சரண்டர் வேல்யூ குடுத்தாகணும். இது அந்த தேதிக்கு அப்புறம் புது விதிப்படி வித்த பாலிசிக்கு தான், உங்க 2015 பாலிசிய எடுத்துட்டு போய் சண்டை போடாதீங்க, பழசுக்கு பழைய கணக்கு தான். இன்னும் சீக்கிரமே முழிச்சுக்கிட்டீங்கன்னா அதை விட நல்லது, பாண்டு கைக்கு வந்து 30 நாளுக்குள்ள "வேணாம்"னு எழுதிக் குடுத்தா, மெடிக்கல் செலவு, ஸ்டாம்ப், அந்த கொஞ்ச நாள் கவருக்கானது இதை மட்டும் கழிச்சுட்டு பாக்கிய திருப்பிக் குடுத்துடணும். அதுக்கு ஃப்ரீ லுக்னு பேரு. பாண்டு வந்த கவரை பிரிக்காமலே பீரோல வைக்கிறவங்களுக்கு இது எதுக்கும் உதவாது.

யூலிப் (கவரோட சேத்து பணத்தை மார்க்கெட் ஃபண்டுல போடுற பாலிசி) கதை வேற, 5 வருஷம் லாக்-இன், அதாவது பணத்தை எடுக்க முடியாது. அதுக்குள்ள நிறுத்துனா பணம் ஒரு தனி ஃபண்டுக்கு போய் உக்காந்துக்கும், குறைஞ்சது 4 சதவீத வட்டியோட, அஞ்சு வருஷம் முடிஞ்சா தான் கைக்கு. டெர்ம் பாலிசி (உயிருக்கு கவர் மட்டும், சேமிப்பு கிடையாது) வருஷா வருஷம் கட்டுறதுன்னா சரண்டர்ல ஒன்னும் வராது, அது அப்படித்தான். ஹெல்த் இன்சூரன்சுக்கும் சரண்டர் வேல்யூ எல்லாம் கிடையாது, நோயே வரல காசை திருப்பிக் குடுன்னு எங்க கம்பெனி செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர் கேட்டுட்டு இருந்தாரு, "அண்ணா, நோய் வராதது தான்ணா லாபம், சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல்ல போய் ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டு வாங்க"னு சொல்லி அனுப்புனேன்.

வரி பத்தியும் ரெண்டு வரி. பாலிசி போட்டு ரெண்டு வருஷம் கட்டுறதுக்குள்ள நிறுத்திட்டா, 80சி வரிச் சலுகைல காட்டி கழிச்ச ப்ரீமியம் அந்த வருஷ வருமானத்துல திரும்ப சேந்துடும். புது வரி ரெஜிம்ல இருக்கறவங்களுக்கு 80சியே இல்ல, அதனால கவலையும் இல்ல. கட்டுனதை விட கம்மியா சரண்டர்ல வாங்குனா லாபமே இல்ல, லாபம் இல்லன்னா அதுல வரியும் இல்ல, இது ஒன்னு தான் இதுல ஆறுதல். இன்னொன்னு, 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் லைஃப் பாலிசி ப்ரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, கட்டலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க கணக்கு போடும்போது ரசீதுல இருக்குற பழைய தொகைய வச்சு போடாதீங்க, கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.

எல்லா கணக்கும் பாத்தாச்சு, சரண்டரே தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, மொதல்ல எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, வாயால சொல்றத நம்பி கையெழுத்து போடாதீங்க. அதோட பெய்ட்-அப் ஆக்குனா எவ்ளோ, லோன் எவ்ளோ கிடைக்கும்னும் அதே கவுண்டர்ல கேளுங்க, சொல்லியாகணும். ஒரிஜினல் பாண்டு, சரண்டர் ஃபாரம் (எல்ஐசின்னா அதுக்கு 5074னு நம்பர்), பேர் அச்சடிச்ச கேன்சல் பண்ண செக்கு இல்லன்னா பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார், பான். பாண்டு தொலைஞ்சிருந்தா தனி வேலை, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி ஜாமீன் ஆளெல்லாம் கேப்பாங்க.

எங்க பக்கம் பணம் நிக்கிறது பெரும்பாலும் இனிஷியல்ல தான். சின்னம்மா பாண்டுல கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த இனிஷியல், அவங்க அப்பா பேரோடது. பேங்க்ல சித்தப்பா பேரோட இனிஷியல். ஆதார்ல இனிஷியலே இல்ல, பான்ல அப்பா பேர் முழுசா நீட்டி எழுதியிருக்கு. லோன் ஃபாரத்தை குடுத்ததும் கவுண்டர்ல இருந்தவரு நாலையும் வரிசையா வச்சு பாத்துட்டு "இந்த நாலு பேர்ல யாரும்மா நீங்க?"ன்னாரு. ஒரே ஆள் தான்னு நோட்டரி கிட்ட எழுதி வாங்கிட்டு வந்து குடுத்தப்புறம் தான் லோன் ஏறுச்சு. லோனோ சரண்டரோ, ஃபாரம் வாங்கறதுக்கு முன்னாடி இந்த இனிஷியல் வேலைய முடிச்சு வச்சுக்கோங்க. நாமினி கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுன அம்மா பேரா இருந்தா, அன்னிக்கே அதையும் மாத்த ஃபாரம் கேளுங்க, சின்னம்மா அதையும் சேத்து மாத்திட்டு வந்துட்டாங்க.